பழைய போர் விமானங்களை ராத்திரியில்தான் படம் எடுக்கணும்!

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் திட்டுவதற்கும் வசதியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற போர் விமானங்களை நம் நாட்டில் பெரும்பாலும் பட்டப்பகலில்தான் பார்க்க விடுகிறார்கள். இருட்டியதும் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். இது தப்பு என்பது என் கருத்து. ராத்திரியிலும் திறந்து வைக்கவேண்டும். கேமராவும் ட்ரைபாடுமாக வருகிறவனை விரட்டாமல் உள்ளே விடவேண்டும். அதற்குக் காசு வாங்கி, அந்தக் காசிலேயே அந்த விமானத்துக்குத் துரு எடுத்து பெயிண்ட் அடிக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு இவ்வளவு நீளமாக எழுதணுமா என்றால், எழுதணும். காரணம் இருக்கிறது.

"டேய், உங்க ஊருக்கு பஸ்ஸே எண்ணித்தான் வருது, இதுல உனக்கு விமானம் ஒரு கேடா?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. :)

எங்கள் ஊர் இளையரசனேந்தல். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில், சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். விமானம் என்றால் எங்களுக்கு ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது மேலே சிமிட்டிக்கொண்டு போகிற ஒரு விளக்கு. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆனால் விமானத்துக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற நாலு வழிச்சாலையில் கயத்தாறு வருகிறதல்லவா, 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம், அந்தக் கயத்தாறில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு என்று அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் போட்ட பல ஓடுதளங்களில் அதுவும் ஒன்று. சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற விமானம் தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பியது.

கட்டபொம்மனைப் பற்றி எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகள்கூட வசனத்தோடு சொல்லும். ஓடுதளத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே "அப்படியா?" என்பார்கள். கட்டபொம்மனுக்குச் சிலை இருக்கிறது, சினிமா இருக்கிறது. ஓடுதளத்துக்கு ஒரு நல்ல படம்கூட மக்கள் கையில் இல்லை. படம் இல்லாத விஷயத்தை ஊர் சீக்கிரம் மறந்துவிடுகிறது. இதுதான் என் வாதத்தின் ஆணிவேர், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது?

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானத்துக்கு விமானப்படை விடை கொடுத்தது. 1963-ல் வந்த விமானம். அறுபது வருஷத்துக்கு மேல் பறந்திருக்கிறது. அப்பா ஓட்டிய அதே ரக விமானத்தை மகனும் ஓட்டிய கதையெல்லாம் அதற்கு உண்டு. 2012-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தார். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் அதுவரை 482 விபத்துக்கள், அதில் 171 விமானிகள் உயிரிழந்தார்கள், பொதுமக்கள் 39 பேர். எதிரி சுட்டு விழுந்ததல்ல, விபத்து மட்டும்.

ஒரு விமானம் ஓய்வு பெற்றால் என்ன ஆகும்? சிலது உடைத்து விற்கப்படும். சிலது மியூசியத்துக்குப் போகும். மீதியில் சிலது கல்லூரி வாசலிலும், பூங்காவிலும், ரவுண்டானாவிலும் ஒரு தூண் மேல் ஏறி நிற்கும். முதல் வருஷம் பளபளவென்று இருக்கும். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார். ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் டயர் சப்பையாகி, காக்பிட் கண்ணாடி மஞ்சள் பூத்து, எஞ்சின் வாயில் புறா குடியிருக்கும். கீழே கட்சி போஸ்டர். மிக்-21-கள் இப்போதுதான் ஓய்வுக்கு வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதே கதி வருவதற்கு முன்னால் பேசினால்தான் உண்டு. அதனால்தான் இப்போது.

சரி, ஏன் ராத்திரி?

இது வெறும் ரசனை விஷயம் என்று நினைக்காதீர்கள். நாலு உருப்படியான காரணம் இருக்கிறது.

ஒன்று, நம் ஊர் வெயில். பகல் பதினொரு மணிக்கு சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது ஒரு விமானத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். முதுகு வெள்ளை வெளேர் என்று வெளிறிப்போகும், வயிறு கன்னங்கரேல் என்று இருக்கும். விமானத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் வயிற்றுப் பக்கம்தான் இருக்கிறது. சக்கரம், குண்டு மாட்டுகிற கொக்கி, எஞ்சினுக்குக் காற்று போகிற வாய் எல்லாம் அங்கேதான். பகல் படத்தில் அத்தனையும் நிழலில் மூழ்கிவிடும். ராத்திரியில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரணும் என்று நாம் முடிவு செய்யலாம். பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கு வைத்தால் போதும், உடம்பில் அடித்திருக்கிற ஒவ்வொரு ரிவெட்டும் தனித்தனியாக எழுந்து நிற்கும். தகடுகள் சேர்கிற கோடு தெரியும். ஒட்டுப்போட்ட இடம் தெரியும். முகத்தில் சுருக்கம் தெரிகிற மாதிரி.

இரண்டு, பின்னணி. பகலில் எடுத்தால் விமானத்தோடு மின்கம்பி, பக்கத்து பேக்கரி, ஐஸ் வண்டி, "ஹேப்பி பர்த்டே தலைவா" பேனர் எல்லாம் சேர்ந்து வரும். இருட்டு இது எல்லாவற்றையும் இலவசமாக அழித்துக் கொடுக்கிறது. எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம்.

மூன்று, பல விமானங்கள் வேலை பார்த்த நேரமே ராத்திரிதான். நம் விமானப்படையின் கான்பெரா ரகக் குண்டுவீச்சு விமானம் 1965-லும் 1971-லும் இருட்டில்தான் அதிகம் போனது. 2007-ல் ஓய்வு பெற்றது. கடலுக்கு மேலே நீர்மூழ்கிகளைத் தேடுகிற விமானங்கள் பல மணி நேரம் இருட்டில் சுற்றுகிறவை. அவற்றைப் பட்டப்பகலில் பூங்காவில் பலூன்காரரோடு சேர்த்துப் பார்ப்பது, இரவுக் காவலரைக் கல்யாண வீட்டில் பட்டுவேட்டியில் பார்ப்பது போல. ஆள் அவர்தான், ஆனால் அவருடைய வேலை நமக்குத் தெரியாமலே போகிறது.

நான்கு, கூட்டமும் வெயிலும். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசக் காட்சி நடந்தது. புதுசுகளோடு டகோட்டா, ஹார்வர்ட் என்று பழைய விமானங்களையும் கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கில் ஜனம். உச்சி வெயிலில் நின்று, திரும்பிப்போக வழியில்லாமல் சிக்கி, அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். பறக்கிற விமானத்தை ராத்திரியில் காட்டச்சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் தரையில் நிற்கிற விமானத்தைப் பார்க்கவும் வெயிலில்தான் காயணுமா? நம் ஊரில் கோயில் திருவிழா, கூத்து, மேடைக் கச்சேரி எல்லாம் ராத்திரியில்தானே நடக்கிறது? நம் முன்னோர்களுக்கு இந்த வெயிலைப் பற்றித் தெரிந்திருந்தது.

எப்படி எடுப்பது?

இதை விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம், "அதெல்லாம் லட்ச ரூபாய் கேமரா வெச்சிருக்கவன் பண்றது" என்று நம்மில் பாதிப்பேர் ஒதுங்கிவிடுகிறோம். அப்படி இல்லை.

தேவை மூன்று: ஆடாத கேமரா, பொறுமை, ஒரு டார்ச் லைட். ட்ரைபாட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் மணல் நிரப்பிய ஒரு துணிப்பை போதும், அதன் மேல் கேமராவை அழுத்தி உட்கார வைக்கலாம். ஐஎஸ்ஓவை 100-க்குக் குறைத்துவிடுங்கள், அப்போதுதான் படத்தில் புள்ளி புள்ளியாக வராது. அப்பர்ச்சர் எஃப் 8 வைத்தால் மூக்கிலிருந்து வால் வரை ஓரளவு தெளிவாக வரும். ஷட்டரை பத்து செகண்ட், பதினைந்து செகண்ட் என்று திறந்து வையுங்கள். விரலால் அமுக்கினால் கேமரா ஆடும், அதனால் இரண்டு செகண்ட் டைமர் போட்டு விட்டு கையை எடுத்துவிடுங்கள். தெரு விளக்கு மஞ்சள், பக்கத்துக் கட்டடத்தின் எல்ஈடி நீலம் என்று கலந்து கட்டி அடிக்கும். ரா ஃபைலாக எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். செல்போன் என்றாலும் கவலையில்லை. இப்போதைய போன்களில் உள்ள நைட் மோட் பல சின்னச் சின்னப் படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கித் தருகிறது. அதையும் ஆடாமல் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

டார்ச் எதற்கு? ஷட்டர் திறந்திருக்கும் அந்தப் பதினைந்து செகண்டில் டார்ச்சை விமானத்தின் மேல் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மெதுவாக மேலும் கீழும் ஓட்டணும். ஓர் இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் வெளிறிவிடும். நீங்கள் நகர்ந்துகொண்டே இருந்தால் படத்தில் நீங்கள் விழமாட்டீர்கள், வெளிச்சம் மட்டும் விழும். இதுதான் லைட் பெயின்டிங்.

நேரமும் முக்கியம். சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிஷத்திலிருந்து கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் வரை வானம் மயில்கழுத்து நிறத்தில் இருக்கும். விமானத்தின் வெளிக்கோடு அந்த நீலத்தில் வெட்டியெடுத்தது போல் தெரியும். இங்கிலாந்து மாதிரி நாடுகளில் கோடைக்காலத்தில் இந்த நேரம் ரொம்ப நீளம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம், நமக்கு சட்டென்று இருட்டிவிடும். எங்கள் ஊர் அட்சரேகை ஒன்பது டிகிரி சொச்சம். அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரி உயரத்தில்தான் தெரியும், அதாவது பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நட்சத்திரம் புள்ளியாகவே வரணும் என்றால் அகல லென்ஸிலும் இருபது செகண்டுக்கு மேல் போகாதீர்கள். வானம் மணிக்குப் பதினைந்து டிகிரி சுற்றுகிறது, கோடாகிவிடும்.

விமானம் இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது? டிராக்டர்! நான் சும்மா சொல்லவில்லை. டிராக்டரிலும் பளபளப்பான பானெட் இருக்கிறது, பெரிய சக்கரம் இருக்கிறது, இடுக்கு நிழல் இருக்கிறது. களத்துமேட்டில் நிற்கிற டிராக்டருக்கு டார்ச் அடித்து நன்றாக எடுக்க வந்துவிட்டால் எந்த விமானத்தையும் எடுக்கலாம். "என்னலே, வண்டியில பெட்ரோல் திருட வந்தியா?" என்று ஒரு அதட்டல் வரும். "இல்ல சித்தப்பா, போட்டோ" என்று பதில் சொல்லத் தயாராக இருக்கணும். டிராக்டர் ஓடுவது டீசல்தானே என்று அந்த நேரத்தில் திருத்தப் போகக்கூடாது, அது வேறு மாதிரி முடியும்.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஈஸ்ட் கிர்க்பி என்று ஓர் ஊர். அங்கே பான்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரெட், ஹரால்ட் என்று அண்ணன் தம்பி இருவர், விவசாயிகள். அவர்களுடைய மூத்த சகோதரர் கிறிஸ்டோபர் 1944 மார்ச் மாதக் கடைசியில் நியூரம்பர்க் நகரத்தின் மேல் குண்டுபோடப் போன ராத்திரியில் இறந்துபோனார். அந்த ஒரே ராத்திரியில் பிரிட்டன் 90-க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களை இழந்தது. இந்த இருவரும் பல வருஷம் கழித்து, ஒரு விமானப்படைத் தளத்தின் வாசலில் காட்சிக்கு நின்றுகொண்டிருந்த பழைய லங்காஸ்டர் விமானத்தை 1983-ல் விலைக்கு வாங்கினார்கள். அண்ணன் நினைவாக. அதற்கு 'ஜஸ்ட் ஜேன்' என்று பெயர். இன்று அது தரையில் தன் நான்கு எஞ்சின்களையும் முழக்கிக்கொண்டு ஓடுகிறது. காசு கொடுத்தால் ஏறி உட்காரலாம். இருட்டிய பிறகு படம் எடுக்கிறவர்களுக்கென்றே தனி மாலைகளும் உண்டு. வருகிற பணம் மறுபடியும் அந்த விமானத்தைப் பறக்க வைக்கிற வேலைக்கே போகிறது.

கவனியுங்கள், அதுவும் ஒரு காலத்தில் வாசலில் சும்மா நின்ற விமானம்தான். நம் ரவுண்டானா விமானங்களின் அண்ணன்.

இந்த மாதிரி இரவு நிகழ்ச்சிகளில் ஒழுங்கும் உண்டு. ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், அதைத் தாண்டக்கூடாது. ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, ஏனென்றால் பக்கத்தில் இன்னொருவர் பத்து செகண்ட் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பார், உங்கள் ஒரு மின்னலில் அவர் படம் பாழ். ப்ரொபெல்லர் சுற்றுகிற விமானமென்றால் கால் செகண்ட் ஷட்டரிலேயே இறக்கைகள் கரைந்து ஒரு வெள்ளித் தட்டு மாதிரி வரும். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்துவைக்க ஃபில்டர் போட்டுப் போராடணும்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

நம்மிடம் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லமுடியாது. அரக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் 1992-ல் திறக்கப்பட்டது. டியு-142 என்ற ராட்சத ரஷ்ய விமானங்கள் அங்கேயிருந்துதான் இந்தியப் பெருங்கடலைக் காவல் காத்தன. நீளம் சுமார் 53 மீட்டர், இறக்கை அகலம் சுமார் 50 மீட்டர். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகிற இரட்டை ப்ரொபெல்லர். இருபத்தொன்பது வருஷ சேவைக்குப் பிறகு 2017 மார்ச் 29-ஆம் தேதி அரக்கோணத்திலேயே அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். அதில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் போய் கடற்கரைச் சாலையில் மியூசியமாக நிற்கிறது. அதே 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். எதிரே மணலில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். வேட்டைக்காரனும் வேட்டைப்பொருளும் எதிரெதிரே நிற்கிற மாதிரி. அந்தி மயங்கி விளக்கு போட்ட பிறகு அந்தச் சாலையில் ஜனம் நடப்பதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். ஆந்திராக்காரர்கள் செய்துவிட்டார்கள். நம் அரக்கோணத்தில் வாழ்ந்த விமானத்தை நாம் பார்க்க விசாகப்பட்டினம் போகவேண்டியிருக்கிறது!

இன்னொன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950-களில் பறக்காத இரண்டு பழைய விமானங்களைப் பாடத்துக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வந்து அங்கே படித்த ஒரு மாணவர், மற்றவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அந்த விமானங்களுக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாராம். அவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்குத் தெரியும். அப்துல் கலாமுக்கு விமானம் பிடித்துப்போனதில் அந்த இரண்டு ஓட்டை விமானங்களுக்கும் பங்கு உண்டு. எல்லாரும் போன பிறகும் அவரைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்து மணிக்கு விசில் ஊதி விரட்டியிருந்தால்?

எதிர்க்கட்சி வாதங்கள்

முதலாவது, பாதுகாப்பு. "ராணுவ விஷயம் தம்பி, போட்டோ எடுக்கக்கூடாது." வேலையில் இருக்கிற விமானத்தளத்தைப் படம் எடுக்கக்கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. 1923-ஆம் வருஷத்து அரசு ரகசியச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது, வேலிக்கு வெளியே நின்றுகூட முயற்சி செய்யாதீர்கள். ஆனால் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பூங்காவில் தூண் மேல் நிறுத்தி, பக்கத்தில் சறுக்குமரம் வைத்த விமானத்தில் என்ன ரகசியம் இருக்கிறது? ஓர் இடத்தில் என் ட்ரைபாடைப் பார்த்த காவலாளி அண்ணாச்சி, "செல்போன்ல எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ, மூணு கால் வெச்சதுக்கு மட்டும் அனுமதி இல்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ரகசியம் கேமராவின் காலில் இருக்கிறது போல!

இரண்டாவது, செலவு. நாலு எல்ஈடி விளக்கு, ஒரு காவலர், மாதத்தில் ஒரு சாயங்காலம். நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம். அன்றைய செலவு போக மீதி பெயிண்டுக்கு ஆகும். இது பெரிய கணக்கே இல்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருப்பதும் இதுதான். போர் விமானத்தை அழகாகப் படம் எடுப்பது போரை அழகாக்குவது ஆகாதா?

தமிழ் படிக்கிற எல்லாருக்கும் விமானம் ஒரே அர்த்தம் தருவதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போய், "ராத்திரியில விமானம் எவ்வளவு அழகு பாருங்க" என்று சொல்லமுடியுமா? அவர்கள் வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டி வைத்திருந்தவர்கள். சத்தத்தை வைத்தே வருவது எந்த விமானம் என்று சொல்கிற சின்னப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 1995 ஜூலை 9-ஆம் தேதி நவாலியில் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விமானக் குண்டுவீச்சில் இறந்தார்கள். அதே யாழ்ப்பாணத்து வானத்தில்தான் 1987 ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் வந்து உணவுப் பொருட்களைப் போட்டன. பூமாலை என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். ஒரே வானம், ஒரே மாதிரி இரைச்சல். ஒன்று சாவைப் போட்டது, ஒன்று சாப்பாட்டைப் போட்டது.

அதே போல லங்காஸ்டரும். அண்ணனை இழந்த பான்டன் சகோதரர்களுக்கு அது நினைவுச் சின்னம். அது குண்டு போட்ட ஜெர்மன் நகரங்களில் இருந்தவர்களுக்கு?

அதனால் என் பதில் இது. படத்தை நிறுத்தினால் நினைவு சுத்தமாகிவிடாது, மறந்துதான் போகும். கயத்தாறு ஓடுதளத்துக்கு நடந்தது அதுதான். ஆனால் அழகான படத்தோடு உண்மையான நாலு வரி சேர்ந்து வந்தே ஆகணும். இது என்ன விமானம், எங்கே பறந்தது, யார் ஓட்டினார்கள், யார் மேல் எதைப் போட்டது. இது இல்லாமல் படம் மட்டும் போட்டால் அது காலண்டர். அந்தக் காலண்டரை நானும் எதிர்க்கிறேன். இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இருட்டில் தனியாக நிற்கிற ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு முன்னால் பதினைந்து செகண்ட் அசையாமல் நின்று பாருங்கள். எனக்கு அதில் வீரம் தோன்றவில்லை. கொஞ்சம் பயம்தான் தோன்றியது. பகலில் ஐஸ்கிரீம் கையோடு நிற்கும்போது அந்தப் பயம் வராது. போர் இயந்திரத்தைப் பார்த்து வரவேண்டிய உணர்ச்சி அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது

1. இனிமேல் எந்த ஊரில் மிக்-21-ஐ நிறுத்தினாலும் கூரையோடு நிறுத்துங்கள். முடியாவிட்டால் உப்புக்காற்று படாத இடத்தில் நிறுத்துங்கள்.

2. கலர் கலராகச் சுற்றுகிற விளக்கு வேண்டாம். அது ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு. பக்கவாட்டில் தாழ்வாக, ஒரே நிறத்தில் நாலு விளக்கு போதும்.

3. மாதத்தில் ஒரு சாயங்காலம், பௌர்ணமியை ஒட்டி இருந்தால் ரொம்ப நல்லது, இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள். ட்ரைபாடுக்கு அனுமதி கொடுங்கள்.

4. வசூலாகிற பணம் எவ்வளவு, அதில் விமானத்துக்கு என்ன செய்தார்கள் என்று அங்கேயே பலகையில் எழுதிப் போடுங்கள்.

5. விமானத்தின் எண்ணை அழித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். எண்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். 2018-ல் இங்கிலாந்தில் சரிசெய்து இந்தியாவுக்குப் பறந்து வந்த பழைய டகோட்டாவுக்கு விபி 905 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். ஏன்? 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் படைவீரர்களோடு முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. ஓர் எண்ணுக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. நம் ஆட்கள் அதன் மேல் "அன்பளிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள்.

இதில் அரசாங்கம் எதைச் செய்யும், எப்போது செய்யும் என்று எனக்குத் தெரியாது. நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். உங்கள் ஊரிலோ கல்லூரியிலோ ஒரு பழைய விமானம் நின்றால், இந்த வாரமே போய் அதன் வாலில் இருக்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு, சூரியன் மறைந்த பிறகு ஒரு படம் எடுங்கள். எண்ணை வைத்து அந்த விமானத்தின் கதையைத் தேடி, படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுங்கள். அனுமதி தரவில்லையென்றால் ஏன் தரவில்லை என்று எழுதிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் யாராவது ஒரு அதிகாரி யோசிப்பார்.

டிராக்டர் வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். பெட்ரோல் திருட வரவில்லை என்று சித்தப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.